ஒக்டோபர் முப்பதாம் நாள்



பட்டிப்பொல என்னும் ஊரின் பெயரை உங்களிற் சிலர் பாடநூலிற் படித்திருப்பீர்கள். கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நானுஓயாவைக் கடந்து, அம்பேவலையையும் விட்டு, பின்னும் மேலேறி மூச்சு வாங்கியபடி ஓரிடத்தில் வந்து நிற்கும். இலங்கையின் புகையிரத நிலையங்கள் யாவற்றினும் உயரத்தில் உள்ள நிலையம் அதுவே. கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேல். அதற்கப்பால் ஒரு சுரங்கத்தைத் தாண்டினால் பாதை ஒகிய பக்கமாக இறங்கத் தொடங்கிவிடும். 1893ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து அப்புத்தளைக்கு இருப்புப்பாதை நீண்டபோது உண்டான நிலையம் இது. ஒக்டோபர் மாதத்துப் பிற்பகல்களில் இங்கே மழையும் மூடுபனியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். வண்டியின் ஒலி முதலிற் கேட்கும். வண்டி பின்னர்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்பகுதிப் பள்ளி ஒன்றில் நான் சில காலம் ஆசிரியனாக இருந்தேன். அங்கே காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை முன்வந்து, ‘இன்றைய நாள்’ என்று சொல்லி, அத்தேதியிற் பிறந்த பெரியோர்களையும் அன்று நிகழ்ந்த செய்திகளையும் வாசிக்க வேண்டும். ஒருமுறை ஏழாந் தரத்துச் சிறுமி ஒருத்திக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் வாய்த்தது. அவள் பட்டியல் ஒன்றை எழுதி, முதல் நாள் மாலையே தன் அப்பாயியையும் அழைத்துக்கொண்டு திருத்தம் கேட்க என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பட்டியலையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அவள் எழுதியது சில வரிகள்தாம். நான் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பட்டியலின் முதற் பெயர் ஹோமி பாபா. 1909ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் பம்பாயிற் பிறந்தவர். மகன் இயந்திரப் பொறியியல் கற்றுத் திரும்பி ஜம்ஷெட்பூர் உருக்காலையில் பணியேற்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகன் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். பொறியியலையும் முதல் வகுப்பிலேயே தேறினார். ஆயினும் அவர் உள்ளம் பௌதிகத்தில் ஊன்றிவிட்டது. விண்வெளியிலிருந்து இடையறாது பூமியின்மேற் பொழியும் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1939இல் விடுமுறைக்குத் தாய்நாடு வந்திருந்த வேளையில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதால் திரும்பிப் போக இயலவில்லை. பெங்களூரில் சி. வி. இராமனிடம் சென்று சேர்ந்தார். விடுமுறைக்கு வந்தவர் தங்கியதால் இந்தியாவுக்கு ஓர் அணு விஞ்ஞானி கிடைத்தார். 1945இல் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. ஓவியமும் தீட்டுவார், மேனாட்டு இசையிலும் தோய்ந்தவர். கணக்கில் வல்லவருக்குக் கலை வராது என்று யாரேனும் உங்களிடம் சொன்னால் இவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பெயர் எங்கள் சிறுமிக்கு மிகவும் பிடித்தமானது: வங்காளத்துச் சுகுமார் ராய், பிறப்பு 1887. பின்னாளிற் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தந்தையார். இவர் பிள்ளைகளுக்காக வேடிக்கைப் பாட்டுகள் எழுதினார். பொருள் இருப்பது போலவும் இல்லாதது போலவும் துள்ளி ஓடும் பாட்டுகள் அவை. வாத்தும் முள்ளம்பன்றியும் ஒன்றாகிவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணி, அதைப் பாட்டாகவும் எழுதிப் படமாகவும் வரைந்து வைத்தவர். தம் தந்தையார் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் சஞ்சிகையைப் பின்னர் இவரே நடத்தினார். இங்கிலாந்துக்குச் சென்று அச்சுக்கலை பயின்று வந்தவரும் ஆவார். ஆயின் காலா அசார் என்னும் காய்ச்சல் பற்றி, 1923 செப்டெம்பரில், முப்பத்தாறு வயது நிறையுமுன் மறைந்தார். அவருடைய தலைசிறந்த நூலாகிய ‘ஆபோல் தாபோல்’ அச்சாகி வந்தது அவர் இறந்து சில நாள்களுக்குப் பின்னரே. ஆசிரியர் காணாத அந்த நூலை வங்காளத்துக் குழந்தைகள் நூறாண்டாகப் படித்துச் சிரிக்கிறார்கள்.

பிறந்தவர் வரிசையில் மூன்றாவதாக ஆர்ஜென்டீனாவின் டியகோ மரடோனா, 1960. இவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அண்ணன்மார் சொல்வார்கள். புவனஸ் அயர்சின் புறத்தே ஏழ்மையான குடியிருப்பொன்றில் வளர்ந்தவர் என்பதை மட்டும் அவள் எழுதியிருந்தாள். அது போதும்.

பிறந்த நாளே இறந்த நாளாக அமைவதும் உண்டு. தமிழகத்தின் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1908 ஒக்டோபர் 30இற் பிறந்து, 1963 ஒக்டோபர் 30இல் மறைந்தார். ஆரிய சமாஜத்தைத் தோற்றுவித்த தயானந்த சரஸ்வதி அஜ்மீரில் உயிர் நீத்ததும் 1883ஆம் ஆண்டின் இதே நாளில். அவ்வாண்டு அது தீபாவளி நாளாகவும் இருந்தது. 1928இல் லாகூரில், சைமன் குழுவுக்கு எதிராக ஊர்வலம் சென்ற லாலா லஜபதி ராய் பொலிசாரின் தடியடிக்கு ஆளானதும் ஒக்டோபர் 30இலேயே; பதினெட்டு நாள்களில் அவர் காலமானார்.

ஹென்றி டூனான் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் இறந்தது 1910ஆம் ஆண்டு இத்தேதியில். இவர் கதையைச் சற்றே நின்று கேளுங்கள். இவர் ஒரு வணிகர். தம் தொழிலுக்கு ஓர் உதவி வேண்டி, பிரெஞ்சுப் பேரரசரைக் காணும் நோக்கத்தோடு வட இத்தாலிக்குப் போனார். பேரரசர் போர்க்களத்தில் இருந்தார். 1859 ஜூன் 24ஆம் நாள் சொல்பெரீனோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. அன்று மாலை டூனான் அவ்விடம் சேர்ந்தபோது ஆயிரமாயிரம் வீரர் காயமுற்றுக் கேட்பாரின்றிக் கிடந்தனர். வந்த காரியத்தை அவர் மறந்தார். அருகிலிருந்த ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்நாட்டு வீரன் என்று பாராமல் எல்லாருக்கும் நீர் கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் வைத்தார். அவ்வனுபவத்தை அவர் நூலாக எழுதியதன் பயனே செஞ்சிலுவை இயக்கம். பின்னர் வணிகத்தில் நொடித்துப் போய், ஊரார் மறந்த ஏழையாகப் பல்லாண்டு அலைந்தார். முதன்முதலாக 1901இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது அதன் பாதி அவரைச் சேர்ந்தது. அப்போதும் அவர் ஹைடன் என்ற மலையூரில் ஒரு மருத்துவ விடுதியிலேதான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

இனி, வானொலி நேயர்களாகிய நமக்கென்றே அமைந்தது போன்ற ஒரு நிகழ்ச்சி. 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி. அமெரிக்காவின் ஒலிபரப்பு நிறுவனமொன்று நாடகம் ஒன்றை ஒலிபரப்பிற்று. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் எழுதிய, செவ்வாய்க் கிரகத்தார் பூமியின்மேற் படையெடுக்கும் கதை. நாடகத்தை நடத்தியவர் ஓர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? கதையைக் கதையாகச் சொல்லாமல், இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருப்பது போலவும், அதை இடையில் நிறுத்தி அவசரச் செய்தி வாசிப்பது போலவும் அமைத்துவிட்டார். நியூ ஜேர்சி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் விண்கலம் இறங்கிற்று என்று செய்தியாளர் குரல் நடுங்கச் சொல்கிறார், திடீரென்று குரல் அறுந்து போகிறது, பின் நிசப்தம். தொடக்கத்திலேயே இது நாடகம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாற் பிந்திக் கேட்கத் தொடங்கியவர்கள் அதை அறியவில்லை. சிலர் உண்மையென்றே நம்பிப் பயந்தனர்.

மறுநாட் பத்திரிகைகள் நாடெங்கும் மக்கள் வீதிக்கு ஓடினார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதின. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதைத் துருவிப் பார்த்து, பயந்தவர்கள் இருந்தது மெய்யே, ஆனாற் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு இல்லை என்கிறார்கள். வானொலி பொய்யைச் செய்தி போலச் சொன்னது ஒரு பிழையென்றால், அச்செய்தியைப் பத்திரிகைகள் பெருக்கிச் சொன்னது இன்னொரு பிழை. இலங்கையில் 1925 டிசெம்பரிலேயே ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிவிட்டதால், நம் நாட்டிலும் அப்போது வானொலி கேட்போர் இருந்தனர். நல்ல வேளையாக அந்நாடகம் அவர்களுக்கு எட்டவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் கீழ்க்கரையில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் இங்கே திங்கட்கிழமை காலை ஆறரை மணி. செவ்வாய்க் கிரகத்தார் அங்கே ஒக்டோபர் 30இல் இறங்கியபோது பட்டிப்பொலையில் 31ஆம் தேதி விடிந்திருந்தது! ரஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயெவ்ஸ்கியின் பிறந்த நாளையும் பாருங்கள். அவர் நாட்டிற் பழைய பஞ்சாங்கம் வழங்கியபடியால் 1821 ஒக்டோபர் 30 என்று எழுதினார்கள். மற்றை ஐரோப்பிய நாடுகளில் அன்று நவம்பர் 11. ஆகவே ‘ஒரே நாள்’ என்று நாம் சொல்வது எந்த ஊரிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சிறுமியின் பட்டியல் இவ்விடத்தில் முடிந்தது. நான் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தேன். அதுவரை கதவோரத்திற் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பேசாதிருந்த அவளுடைய அப்பாயி வாய் திறந்தார்.

“ஏன் ஆத்தா, அன்னிக்குத்தானே டில்லியில எங்களப் பங்கு பிரிச்சாங்க? அத எழுதலயா?”

சிறுமி என்னைப் பார்த்தாள். நான் ஆசிரியன், வரலாறு படிப்பித்தவன். எனக்கு அது தோன்றாமற் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

அப்பாயி சொன்னது சரி. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. புதுடில்லியில் இரண்டு பிரதம மந்திரிகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஒருவர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க, 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்றவர். மற்றவர் லால் பகதூர் சாஸ்திரி, நேரு மறைந்தபின் அவ்வாண்டு ஜூனில் பதவிக்கு வந்தவர். சாஸ்திரியாரின் பிறந்த நாள் ஒக்டோபர் 2. காந்தியடிகளின் பிறந்த நாளும் அதுவே. பட்டியல் எழுதும் பிள்ளைகள் அதை அந்த நாளுக்குக் குறித்துக்கொள்ளலாம்.

உடன்படிக்கை எதைப் பற்றியது? மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்த, தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களைப் பற்றியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இம்மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948ஆம் ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ காட்டச் சொல்லிற்று. லயத்தில் ஓர் இரவிற் பிறந்து, பெயர் எங்கும் பதியப்படாமல் வளர்ந்த தந்தைக்கு மகன் என்ன பத்திரத்தைக் காட்டுவான்? பெரும்பாலோர் பிரஜைகளல்லாதோர் ஆனார்கள்; வாக்குரிமையும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் பிரஜைகள் என்று ஏற்கவில்லை. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்பாடும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை.

1964இல் இரு பிரதமரும் இதைக் கணக்காகத் தீர்த்தனர். எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் அற்றவர்கள் 9,75,000 பேர் என்று கொண்டார்கள். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம். இடையிற் பிறக்கும் குழந்தைகள் பெற்றோரின் எண்ணிக்கையோடு சேர வேண்டும். எல்லாம் பதினைந்து ஆண்டுகளில் நடந்து முடிய வேண்டும்.

பிள்ளைகளே, ஐந்தே கால் லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் உள்ள விகிதம் என்ன? இரண்டையும் 75,000ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழுக்கு நான்கு. ஏழு பேர் போனால் நான்கு பேர் இங்கே பிரஜையாகலாம். எங்கள் சிறுமி அந்தக் கணக்கை அங்கேயே தாளிற் போட்டுப் பார்த்தாள். அப்பாயி, “எங்க வீட்டுல ஒம்பது பேரு,” என்றார். அவள் பதினொன்றால் வகுக்கப் போய் நிறுத்திவிட்டாள்.

அந்த எண்களை எழுதிய வேளையில், யார் எங்கே போக விரும்புகிறார்கள் என்று எந்த லயத்திலும் எவரும் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பம் கேட்டதெல்லாம் பின்னர்தான். அப்போது உண்மை வெளியாயிற்று. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் தொகை ஒப்பந்தம் குறித்த எண்ணை எட்டவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவரோ மூன்று லட்சத்துக்கு மிக மேலே. உடன்படிக்கை செய்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பதினாறு ஆண்டு இழுபறியை முடித்தாக வேண்டும் என்று இரு சாராரும் கருதியிருக்கலாம். ஆயினும் முதலில் எண்ணைத் தீர்மானித்து, பின்பு ஆளைத் தேடுவது முறையாகாது என்பது என் எண்ணம்.

அன்றைக்குத் தீபாவளிக்கு ஒரு வாரமும் இல்லை. மலைநாட்டில் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. பலகாரத்துக்கு மாவிடித்துக்கொண்டிருந்த வீடுகளில் அச்செய்தி எப்படிப் போய் விழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பாயிக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் கடை வாசலிற் பத்திரிகையைச் சுற்றி நின்றதும், அம்மா அன்று அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறதாம்.

இதே ஒக்டோபர் 30இல், பதினேழு ஆண்டு முன்னர், 1947இல், ஜெனீவா நகரத்தில் இன்னொரு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பண்டங்கள் நாடு விட்டு நாடு செல்கையில் விதிக்கப்படும் தீர்வைகளைக் குறைப்பதற்கான பொது ஒப்பந்தம் அது. ஒப்பமிட்ட இருபத்து மூன்று நாடுகளுள் இந்தியாவும் ஒன்று, இன்னும் சுதந்திரம் கிட்டாதிருந்த இலங்கையும் ஒன்று. இலங்கை அப்போது உலகுக்கு விற்ற தலையாய பண்டம் தேயிலை. அக்கொழுந்தைப் பறித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை எல்லை கடக்க எளிய வழி தேடியதும் அந்த நாளில். தேயிலை பறித்தவர்களை எல்லை கடத்தத் தீர்மானித்ததும் அந்த நாளில்.

டில்லி உடன்படிக்கைக்கு இரண்டு மாதமும் நிறையவில்லை. டிசெம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் ஒன்று எழுந்து தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் இருநாட்டையும் இணைத்து வந்த ‘போட் மெயில்’ வழி அங்கேதான் தரையைத் தொட்டது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்லலாயிற்று. மூதாதையர் வந்த வழியில் பேரர்கள் திரும்பிச் சென்றபோது அவர்களை வரவேற்கத் தனுஷ்கோடித் துறை இருக்கவில்லை.

இலங்கையில் உடன்படிக்கையை நிறைவேற்றும் சட்டம் 1967இல் இயற்றப்பட்டது. அதன்பின் மலைநாட்டுப் புகையிரத நிலையங்கள் ஒரு புதிய காட்சியைக் கண்டன. மலைநாட்டார் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பார்கள். தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வைத்தார்கள். தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் அம்மியும் கூட மேடையில் இருக்கும். வண்டி வந்து நின்றதும் ஏறுகிறவர்களும் அழுவார்கள்; வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். பொல்கஹவலை வரை இறங்கி, வடக்கே திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து ‘இராமானுஜம்’ என்னும் கப்பல். அக்கரையில் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்த இடமும் அதே மண்டபந்தான்.

அப்பாயியின் மூத்த அக்காள் மணமாகிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். கணவரின் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. தந்தை இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார். ஒரு வீடு இரண்டு நாடாயிற்று. பட்டிப்பொல நிலையத்தில் அன்று மூடுபனி இறங்கியிருந்தது. “வண்டி நகர்ந்ததும் அக்கா கையாட்டுனது தெரியல, வளையல் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு,” என்றார் அப்பாயி. அக்காள் குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் தேயிலைதான். மலைக்குப் பழகிய கைகளுக்குத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. வேறு சிலருக்குக் கன்னியாகுமரியிலும் கர்நாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்கள். மற்றும் சிலருக்குப் பஞ்சாலைகள். கடன் வாங்கிச் சிறு கடை வைத்து, வணிகம் பழகாததால் இழந்தோரும் பலர். சொந்த ஊர் என்று பாட்டன் சொன்ன கிராமத்தைத் தேடிப் போனவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த ஒன்றரை லட்சம் பேரை 1974 ஜனவரியில், ஸ்ரீமாவோ அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம், பங்கிட்டுக்கொண்டனர். சாஸ்திரியார் அப்போது இல்லை. 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் மறைந்துவிட்டார். அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து ஹோமி பாபா சென்ற விமானம் மோன்ட் பிளாங்க் மலையில் மோதியது. அதே நாளில் டில்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். எங்கள் சிறுமியின் பட்டியலில் முதல் வரியில் இருந்தவரும் கடைசி வரிக்குரியவரும் இப்படி ஒரே மாதத்திற் போனார்கள்.

குறித்த கெடு முடிந்தும் கணக்கு முடியவில்லை. 1982இல் இந்தியா, உடன்படிக்கைகளின் காலம் கடந்துவிட்டது என்று அறிவித்தது. 1984இல் போர்ச் சூழலால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கையிற் கடவுச்சீட்டோடு, போக வழியின்றி நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களாலேதான் இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்கள் இலங்கைப் பிரஜைகளானார்கள். ஏழு நான்கு என்று தொடங்கிய கணக்கு முப்பத்தொன்பது ஆண்டு கழித்தே முடிவு கண்டது.

உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு 2014 ஒக்டோபர் 30. பட்டிப்பொலையிலிருந்து அதே இருப்புப்பாதையில் அப்புத்தளை வரை சென்று, கீழே இறங்கினால் கொஸ்லாந்தை வரும். அங்கே மீரியபெத்தை என்னும் தோட்டத்தில், ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். வீட்டில் இருந்த பெற்றோர் தப்பவில்லை. முப்பதாந் தேதி முழுவதும் மழையில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதாண்டு நிறைவை நினைக்க அங்கே எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இருந்து கொள்ளுங்கள் என்று எண்ணிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு, இருப்பதற்கு ஒரு துண்டு நிலம் எண்ணிக் கொடுக்கப்படவில்லை. பழைய லயமே வீடு.

அன்று மாலை நானும் சிறுமியும் அவள் அப்பாயியும் விளக்கேற்றிய பின்னும் பேசிக்கொண்டிருந்தோம். இதைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று அவள் கேட்டாள். பிறந்தவர் வரிசையிலா, இறந்தவர் வரிசையிலா, நிகழ்ச்சி வரிசையிலா? நிகழ்ச்சி வரிசையில் எழுது என்றேன். 1964 என்று எழுதி, இரு பிரதமர் பெயரை எழுதி, மூன்று எண்களையும் எழுதினாள். சற்று யோசித்துவிட்டு, அடியில், ‘எங்கள் அப்பாயியின் அக்காள் பட்டிப்பொல நிலையத்தில் கோச்சி ஏறினார்’ என்றும் எழுதினாள். அந்த வரியில் ஆண்டு இல்லையே என்றேன். அப்பாயிக்கு ஆண்டு நினைவில்லை, மூடுபனிதான் நினைவு.

மறுநாட் காலைக் கூட்டத்தில் அவள் வாசித்தாள். பாபாவுக்குப் பிள்ளைகள் கை தட்டினார்கள். முள்ளம்பன்றி வாத்துக்குச் சிரித்தார்கள். மரடோனாவுக்குப் பெரிய பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். கடைசி வரியை வாசித்து முடித்தபோது, கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். முன்வரிசையில் மூன்றாந் தரத்துப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“சேர், எங்க தாத்தாவோட அண்ணன் கூடலூர்ல இருக்காரு.”

அவனுக்குப் பின்னால் இன்னொரு கை உயர்ந்தது. அதற்குப் பின்னால் மற்றொன்று. முதற் பாடத்துக்கு மணி அடிக்கும்வரை அவர்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.